ஏழாம் நம்பர் பெட்டி

சைரன் ஊத இன்னும் பதினெட்டு நிமிடங்கள் இருந்தன.

பார்சலுக்கு அதைப் பற்றிப் பயமே இல்லை. அவர் பயந்ததெல்லாம் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுச் சிறுமியைப் பார்த்துத்தான். மடியில் ஒரு நீலப் பை. அதன் ஜிப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பார்சல் என்பது பட்டப்பெயர். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் சாமான் கட்டுகிறவர். மீன்தொட்டியை மீன்களோடு கட்டி மூன்று மாடி இறக்கியவர். மீன்களுக்கு வீடு மாறிய விஷயமே தெரியாது. அவர் கட்டிய பெட்டியில் இதுவரை ஒரு கோப்பைக்குக்கூடக் காது போனதில்லை. பட்டப்பெயரை வைத்தது அவருடைய மனைவியின் தம்பி. மேல் மாடியில் குடியிருந்து, தெருமுனையில் செல்போன் ரிப்பேர் கடை நடத்துகிறவன். "எங்க அக்கா கழுத்துல தாலி கட்டுனப்பவே நாலு முடிச்சு போட்டவரு எங்க மாமா. சேஃப்டிக்காம்" என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறவன்.

சிறுமிக்குப் பக்கத்தில், ஃபைலை விரித்துவைத்துக்கொண்டு காப்பகத்து அதிகாரியம்மா. கழுத்தில் கயிறு கட்டிய ஸ்டாப்வாட்ச்.

"விதிமுறை தெரியும்ல?" என்றார் அதிகாரியம்மா.

தெரியாமல் என்ன? சமையலறை ஜன்னலைத் திறந்தால் மின்நிலையத்தின் இரண்டு சாம்பல் நிறக் குவிமாடங்களும் சிவப்பு வெள்ளைப் புகைபோக்கியும் தெரியும். நேர்க்கோட்டில் எட்டு கிலோமீட்டர். அணு உலையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் எந்த வீட்டுக்கும் காப்பகம் ஒரு குழந்தையை வளர்க்கக் கொடுக்க வேண்டுமானால், அந்த வீட்டில் அவசரப் பெட்டி இருக்க வேண்டும். வருஷாந்திர ஒத்திகை நாளில் அதிகாரி கண்ணெதிரே அதைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும்.

"பத்து நிமிஷம்" என்றார் அதிகாரியம்மா. "சைரன் ஆரம்பிச்சதுலேருந்து. ஃபேன் ஆஃப் ஆகணும். ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் ஒட்டணும். எல்லாரும் உள் ரூமுக்கு வந்துடணும். ரேடியோ பேசணும், பெட்டி திறந்திருக்கணும். நேரம் நகராட்சித் தாள்ல ஏறும். அதுக்கப்புறம் நான் என் முடிவை எழுதுவேன்."

கையெழுத்து விழுந்தால் சிறுமி இன்றைக்கே இங்கே தங்கிவிடலாம். விழாவிட்டால் பன்னிரண்டு மணி வேனில், அதே நீலப் பையோடு, அதே ஜிப்போடு, திரும்பிப் போய்விடுவாள்.

நாலு வாரமாகச் சனிக்கிழமைதோறும் வந்து போகிறாள். அந்தப் பையை ஒருநாளும் திறந்ததில்லை. எதைக் கொடுத்தாலும் "சரி". எங்கே உட்காரச் சொன்னாலும் "சரி". பூங்காவுக்குப் போகலாமா? சரி. வேண்டாமா? அதுவும் சரி.

பார்சலின் மனைவி டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, பதற்றம் வந்தால் இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்துவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. காலையிலிருந்து அந்தக் கால் தரையை விட்டு எழும்பவே இல்லை.

"பெட்டியெல்லாம் பாக்கலாமா?" என்றார் அதிகாரியம்மா.

இதற்காகத்தானே காத்திருந்தார் பார்சல்! உள் அறைக் கதவை, கல்யாண மண்டபத் திரையை விலக்குவதுபோல் திறந்தார்.

சுவரோரம் ஒன்பது நீலப் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒன்றின்மேல் ஒன்றாக மும்மூன்று. ஒவ்வொன்றிலும் நம்பர், உள்ளே இருப்பதன் பட்டியல், 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி. பக்கத்தில் முப்பத்தாறு லிட்டர் தண்ணீர், கேன் கேனாக. ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் பழுப்பு நிற டேப், எட்டுச் சுற்று. அறை பளபளத்தது.

அதிகாரியம்மா ஒரு பெட்டியை விரலால் தட்டினார். "இது அணுகுண்டுக்கே அசையாது போலயே."

"நன்றிங்க" என்றார் பார்சல்.

மனைவி பல்லைக் கடித்தாள். நேற்றே அவள் சொன்னாள். "என்னங்க, ஒரு தடவை பிரிச்சு, ஒத்திகை பாத்துட்டு மறுபடி கட்டலாம்ங்க."

அதற்கு அவர் நிமிர்ந்து நின்று சொன்ன பதில்: "கட்டுன பெட்டியப் பிரிக்கிறது சாமான் இறங்குற வீட்டுலதான். நடுவழியில பிரிக்கிறவன் பேக்கிங்காரனே இல்ல."

ஒன்று முதல் ஆறுவரை அதிகாரியம்மா படித்துக்கொண்டே போனார். சமைக்காமல் சாப்பிடக்கூடிய டப்பா உணவு, டப்பா திறப்பான். பிளாஸ்டிக் விரிப்பு, டவல், சோப்பு. மருந்து, முகமூடி. கைகழுவத் தனித் தண்ணீர், குப்பைப் பைகள். ரேடியோ, டார்ச், பேட்டரி. அடையாள அட்டை நகல், போன் நம்பர் எழுதிய தாள்.

ஏழாம் நம்பர் பெட்டியில் பட்டியல் இல்லை. 'மூன்றாம் நபர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"இது?"

"அது... அப்புறம் திறக்கும்போது பாத்துக்கலாம்ங்க" என்றார் பார்சல். காது சிவந்துவிட்டது.

மணி பத்து ஐம்பத்தைந்து. சைரனுக்கு இன்னும் ஐந்தே நிமிடம்.

எல்லாரும் கூடத்துக்குத் திரும்பினார்கள். சோபா காலியாக இருந்தது. பையும் இல்லை, சிறுமியும் இல்லை.

"இங்கதான் இருக்கேன்" என்று பால்கனி மூலையிலிருந்து மெல்லிய குரல். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குப்பைக்கூடைப் பக்கத்தில் குந்தியிருந்தாள். எழுந்து வந்தபோது அவள் இடது கையில் என்னவோ ஆடியது. தடித்த அட்டை வளையல்கள்.

பார்சல் சிரித்தார். தீர்ந்துபோன டேப் ரோலின் நடு வளையங்கள்! அழகாகத்தான் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று...

நான்கு.

ஐந்து.

சிரிப்பு பாதியில் நின்றது.

ஆறு!

அவர் வாங்கியதே ஆறு ரோல்தான். மூன்று பெட்டி கட்டுவதற்கு. மூன்று, ஜன்னல் இடுக்கை ஒட்டுவதற்கு. ஜன்னலுக்கான மூன்றும் ஐந்தாம் பெட்டிக்குள் ரேடியோவுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருப்பதாக இந்த நிமிடம்வரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் ஞாபகம் வந்தது. எதற்கும் இன்னொரு சுற்று, எதற்கும் இன்னொரு சுற்று என்று கை பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போனது. அந்த மூன்று ரோல்களும் ஐந்தாம் பெட்டிக்குள் இல்லை. பெட்டிகளின்மேல் இருக்கின்றன!

மனைவியைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"ஜன்னலுக்கு டேப் இல்ல."

"என்னது?"

"மெதுவா பேசு. எல்லாத்தையும் பெட்டிக்கே சுத்திட்டேன்."

அவள் கால் தரையை ஓங்கி மிதித்தது. "பெட்டிக்குப் பிரியாணிப் பொட்டலம் மாதிரி நூல் சுத்துனா போதாதாய்யா உனக்கு?" கோபம் வந்தால் அவளுக்கு 'ங்க' போய்விடும். "ஓடு, கடைக்கு ஓடு!"

"ஒத்திகைக்காகப் பத்தேமுக்காலுக்கே எல்லாக் கடையும் ஷட்டர் போட்டாச்சு."

போனை எடுத்து மேல் மாடிக்கு அடித்தார்.

"மாப்ள! உங்கிட்ட டேப் இருக்கா?"

"ஏன் மாமா, என்னையும் பார்சல் பண்ணப் போறீங்களா?"

"விளையாடாதடா! இருக்கா இல்லையா?"

"வயர் ஒட்டுற கறுப்பு டேப் இருக்கு. ஒரு விரல் நீளம் வரும்."

பார்சல் போனை வைத்தார். கூடத்தில் அதிகாரியம்மா ஸ்டாப்வாட்ச்சைக் கையில் எடுத்துத் துடைப்பது தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் அட்டை வளையல்கள் கலகலக்காமல், பொத் பொத்தென்று மோதிக்கொண்டன.

சரியாக அப்போது ஊதியது சைரன்.

பஸ் டிப்போ கூரையிலிருந்து கிளம்பி, தெருவை நிரப்பி, ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. 'டிக்' என்று ஸ்டாப்வாட்ச்சின் தலையை அழுத்தினார் அதிகாரியம்மா.

முதல் இரண்டு நிமிடம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மனைவி ஃபேன்களை நிறுத்தினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். சிறுமியைக் கைப்பிடித்து உள் அறைக்குக் கூட்டிவந்தாள். அதிகாரியம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு மூலையில் உட்கார்ந்தார். அந்த அறைக்கு ஒரு ஜன்னல், காற்றை வெளியே தள்ளும் ஃபேனுக்கான ஒரு வட்ட ஓட்டை, ஒரு கதவு. மூன்றையும் ஒட்ட வேண்டும். முதலில் ஓட்டையை மூட பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். அது இருப்பது இரண்டாம் பெட்டியில்.

"பெட்டி திறக்குற கட்டர் எங்க?" என்றாள் மனைவி.

பார்சல் பெட்டி அடுக்கைப் பார்த்தார். "நாலாம் பெட்டியில."

"எந்தப் பெட்டி?"

"நாலாம் பெட்டிக்குள்ள."

அவள் சமையலறைக்குப் பாய்ந்தாள். காய் நறுக்கும் கத்தியோடு திரும்பி வந்தாள். இரண்டாம் பெட்டிமேல் பழுப்பு டேப்பில் கத்தியை வைத்தாள்.

"வெட்டாத!"

பார்சல் போட்ட சத்தத்தில் அதிகாரியம்மா ஸ்டூலோடு ஒரு அடி நகர்ந்தார்.

"கத்தியக் கீழ போடு!"

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? மூணு நிமிஷம் ஆச்சு!"

"வெட்டுனா துண்டு துண்டாப் போயிடும்" என்றார் பார்சல். அவர் கண்ணில் திடீரென்று ஒரு பிரகாசம். "நம்ம டேப் எங்கயும் போகலடி. எட்டுச் சுத்து, ஒரே நீளம், பிளாஸ்டிக் மேல ஒட்டுன டேப். கிழியாம உரிச்சா பசை அப்படியே இருக்கும். உரிக்கிறோம், ஜன்னல்ல ஒட்டறோம். பெட்டியும் திறந்துடும், ஜன்னலும் அடைஞ்சிடும்!"

முட்டி போட்டு உட்கார்ந்தார். டேப்பின் நுனியைத் தேடினார். உள்ளங்கையால் தடவினார். விரலால் தடவினார். நகத்தால் தடவினார், ஆனால் இருபத்திரண்டு வருஷம் அட்டையோடு மல்லுக்கட்டிய கையில் நகம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

வழக்கமாக டேப்பின் நுனியைச் சின்னதாக மடித்து ஒட்டுவார். பிரிக்கிறவர்கள் பிடித்து இழுக்க வசதியாக. இந்த ஒன்பது பெட்டியில் மட்டும் அப்படிச் செய்யவில்லை. யாராலும் பிரிக்க முடியக் கூடாது என்று நுனியைத் தேய்த்துத் தேய்த்துப் படியவைத்திருந்தார்.

"நாலு நிமிஷம்" என்றார் அதிகாரியம்மா.

நெற்றி வியர்வை பெட்டியில் சொட்டியது. அப்போது அவர் தோளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை, ஆறு அட்டை வளையல்களோடு, நீண்டது.

"இங்க இருக்கு."

சுண்டுவிரல் நகத்தால் சிறுமி ஒரு மூலையைக் கீறிக்கொண்டிருந்தாள். பட்டாணித் தோல்போல ஒரு நுனி எழும்பியது. அவர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தார்.

"பெட்டியச் சுத்து பாப்பா!"

அவள் பெட்டியைச் சுற்றினாள். அவர் இழுத்தார். சர்ர்ர்ர்ரென்று, தெரு சைரனையும் தாண்டிக்கொண்டு ஒரு சத்தம். டேப் கிழியவில்லை. ஒரே வாராக, பளபளவென்று, அவர் கையில் வந்து நின்றது. மனைவி அதன் மறுநுனியைப் பிடித்து ஜன்னலுக்கு ஓடினாள்.

"வேகமா சுத்து!"

"கால்ல மாட்டுது!" என்றாள் சிறுமி.

"காலத் தூக்கு!"

இரண்டாம் பெட்டி பம்பரமாகச் சுழன்றது. அடுத்து ஐந்தாம் பெட்டி. சிறுமி நுனியைக் கண்டுபிடிப்பாள், பெட்டியைச் சுற்றுவாள், அவர் உரிப்பார், மனைவி ஒட்டுவாள். சுற்றுவதற்கு இடைஞ்சலாகத் தோளில் ஆடிய நீலப் பையை அவள் கழற்றிக் கட்டில்மேல் வீசியதை யாருமே கவனிக்கவில்லை. ஜன்னலின் நாலு பக்கமும் முடிந்தது. ஓட்டையின்மேல் பிளாஸ்டிக் விரிப்பு ஏறியது. கதவடியில் ஈர டவல், சுற்றிலும் டேப்.

"ஏழரை நிமிஷம்." அதிகாரியம்மாவின் குரலிலும் லேசாக மூச்சு வாங்கியது.

"மத்ததையெல்லாம் இப்ப வெட்டிக்கோ!" என்று கத்தியை மனைவியிடம் நீட்டினார் பார்சல், மாலை போடுகிற பெருமையோடு.

ஆறாம் பெட்டிவரை வெட்டித் திறந்துவிட்டு, ஐந்தாம் பெட்டியிலிருந்து ரேடியோவை எடுத்தாள் அவள். கையால் சுற்றும் ரேடியோ. கைப்பிடியைத் தொட்டாள்.

தட்! தட்! தட்!

கதவு.

"மாமா! திறங்க மாமா!"

மேல் மாடி மச்சான்தான், கூடத்தைத் தாண்டி வந்து உள் அறைக் கதவைத் தட்டுகிறான்.

"வேண்டாம்" என்றார் பார்சல் கதவைப் பார்த்து. "போடா! இப்பத்தான் ஒட்டிருக்கோம்!"

"வெளியில ஆள் இருந்தா உள்ள சேக்கணும்" என்றார் அதிகாரியம்மா, வாட்ச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது விதி. வெளியில போட்டிருந்த சட்டை பேன்ட்டெல்லாம் கழட்டிப் பையில போட்டுட்டு, கை முகம் கழுவிட்டுத்தான் உள்ள வரணும். அதுவும் விதி."

தட்டுகிற சத்தம் நின்றது.

"இங்கயேவா மாமா?"

"பின்ன, பார்க்குக்குப் போயா? சீக்கிரம்டா!"

அவன் வாசற்படியில் கழற்றிப் போட்டுவிட்டு, முகம் கழுவி வந்ததும், உரித்து, திறந்து, அவனை உள்ளே இழுத்து, மறுபடி ஒட்டினார்கள். பனியனும் இடுப்பில் அக்காவின் பூப்போட்ட துண்டுமாக, முகத்தில் தண்ணீர் சொட்ட நின்றான் மச்சான். கையில் வெற்றிக்கொடிபோல் ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"இந்தாங்க மாமா. டேப்!"

ஒரு விரல் நீளக் கறுப்பு டேப்.

சிறுமிக்குத்தான் முதலில் வெடித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு வழியாகச் சிரிப்பு பிதுங்கிக்கொண்டு வந்தது. நாலு வாரத்தில் அந்தச் சிரிப்பை அந்த வீடு கேட்டதில்லை.

"அட, சின்ன மேடத்துக்குச் சிரிக்கத் தெரியுது" என்றான் மச்சான். "நீங்க சிரிங்க மேடம். என் மானம் போனாப் போகுது."

மனைவி ரேடியோவைப் பிடித்து மாவு அரைப்பதுபோல் சுற்றினாள். கரகரவென்று ஒரு குரல் எழும்பியது. "இது ஒத்திகை. மீண்டும் சொல்கிறோம், இது ஒத்திகை மட்டுமே..."

'டிக்.'

"பத்து நிமிஷம், நாப்பது செகண்ட்" என்றார் அதிகாரியம்மா.

ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நாற்பது செகண்ட். மச்சான் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். பன்னிரண்டு மணி வேன் பார்சலின் கண்ணுக்குள் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு" என்று ஃபைலைப் புரட்டினார் அதிகாரியம்மா. "கதிர்வீச்சுக்குக் குடுக்கிற அயோடின் மாத்திரை எப்ப போடணும்?"

"சைரன் கேட்ட உடனே!" என்றான் மச்சான், இழந்த மானத்தை மீட்கும் ஆவலில்.

"சும்மா இருடா" என்றாள் அக்கா. "அதிகாரிங்க போடச் சொல்லி ரேடியோல அறிவிச்சாத்தான் மேடம். அதுவரைக்கும் கை வைக்கக் கூடாது. குழந்தைக்கு அளவு வேற. தாள்ல எழுதி ஒட்டிருக்கேன்."

அதிகாரியம்மா எழுதிக்கொண்டார். "ரெண்டாவது கேள்வி. அந்த ஏழாம் பெட்டியில என்ன இருக்கு?"

பார்சல் பதில் சொல்வதற்குள் சிறுமி அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நகம், நுனி, சர்ர்ர். பெட்டியை அவளே சுற்றினாள், அவளே உரித்தாள். மூடியைத் திறந்தாள்.

பச்சைப் பல்துலக்கி. சின்னப் போர்வை. வண்ணப் பென்சில், வரைதாள். செருப்பு. ஒரு கவுன். அட்டையில் செய்த தாய விளையாட்டு. பீன்ஸ் டப்பா மூன்று. பிஸ்கட் மூன்று பொட்டலம்.

"இது யாருக்கு?" என்றாள்.

"மூணு பேருக்கு மூணு நாள்னு விதியில போட்டிருந்தாங்க" என்றார் பார்சல், தரையைப் பார்த்து. "நாங்க ரெண்டு பேரு. அதான்... நீ வருவியோ மாட்டியோன்னு கட்டும்போது தெரியாது. தெரியலன்னா கட்டிவைக்கிறதுதான நம்ம தொழிலு."

சிறுமி கவுனை எடுத்து உதறித் தன்மேல் வைத்துப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"இது சின்னது."

"ஆங்?"

"இது அஞ்சு வயசுப் பாப்பாவுக்கு. எனக்கு எட்டு." பெட்டிக்குள் மறுபடி கையை விட்டாள். "பச்சை பிரஷ் வேணாம். எனக்கு மஞ்சள் வேணும். பீன்ஸ் எனக்குப் புடிக்காது. மூணு நாளைக்கு மூணு பிஸ்கட் பாக்கெட் பத்தாது, நான் ஒரே நாள்ல ரெண்டு சாப்பிடுவேன்." செருப்பைப் புரட்டினாள். "இது சரியா இருக்கு. ஆனா கலர் நல்லா இல்ல. அப்புறம், எல்லாரும் இங்கயே படுத்தா நான் நடுவுல படுக்க மாட்டேன். செவுத்தோரம்."

"செவுத்தோரம் என் இடம் மேடம்" என்றான் மச்சான்.

"நீங்க கட்டிலுக்கு அடியில."

பார்சல் அவசர அவசரமாகச் சட்டைப் பையில் பேனாவைத் துழாவி எடுத்து, ஆறாம் பெட்டியிலிருந்த போன் நம்பர் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருந்தார். மஞ்சள். பீன்ஸ் கூடாது. பிஸ்கட் ஆறு. செவுத்தோரம்.

எழுதிக்கொண்டே நிமிர்ந்தவர் திடுக்கிட்டார். அதிகாரியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நாப்பது செகண்ட்..." என்று இழுத்தார்.

"அது நகராட்சித் தாளு. அவங்க அடுத்த மாசம் மறுபடி செஞ்சு காட்டச் சொல்லுவாங்க, காட்டுங்க" என்றார் அதிகாரியம்மா. "என் தாள் வேற." ஃபைலிலிருந்து இன்னொரு தாளை உருவினார். "ஆறு மாசத்துல நாலு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன் இவள. பெரிய பெரிய வீடு. எல்லாத்துக்கும் 'சரி'ன்னா. ஒரு இடத்துலயும் 'வேணாம்'னு ஒரு வார்த்தை வரல. அதனாலதான் எங்கயும் நான் கையெழுத்துப் போடல."

பேனா தாளில் ஓடிய சத்தம் பார்சலுக்கு, நல்ல டேப் உரிகிற சத்தத்தைவிட இனிமையாக இருந்தது. மனைவியின் வலது கால், காலையிலிருந்து முதல்முறையாக, பிரேக்கை விட்டது.

வெளியே நீளமாக, ஒரே சீராக, ஆபத்து நீங்கியதைச் சொல்லும் சைரன் ஊதியது. தெருவில் ஷட்டர்கள் கடகடவென்று உயர்ந்தன.

"என் பேன்ட்டை வெளியில விட்டுட்டேன்" என்றான் மச்சான். "பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க?"

அதிகாரியம்மா ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார். கதவோரம் நின்று, "பையை எங்க வெச்ச?" என்றார் சிறுமியிடம், வழக்கமான குரலில்.

சிறுமி கட்டிலைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்து வந்து பார்சலின் முன்னால் வைத்தாள்.

"இதையும் ஏழாம் பெட்டியில வெச்சுக் கட்டிடுங்க. ஆனா நுனிய மடிச்சு ஒட்டணும். இல்லன்னா பிரிக்க வராது."

பார்சல் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னலில் டேப். கதவில் டேப். ஓட்டையைச் சுற்றி டேப். தரையெல்லாம் உரித்த டேப், மச்சானின் முழங்காலில்கூட ஒரு முழம்.

"கட்டுறதுக்கு டேப் இல்லையே பாப்பா."

அவள் ஜிப்பைப் பிடித்து, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை, ஒரே இழுப்பாக இழுத்துத் திறந்தாள்.

"அப்ப இதையெல்லாம் எங்க வெக்கிறது?" என்றாள்.

பார்சல் பாய்ந்துபோய் அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்ய ஆரம்பித்தார்.